பதினோரு மணி டீ

“பங்கை எப்ப விக்கணும்னு விதியைச் சொல்லுங்க சார். அப்பதான் புரோகிராம் எழுத முடியும்.”

“விதியாவது ஒண்ணாவது. முப்பது வருஷ அனுபவம்யா, மனசு சொல்லும்.”

பங்கு வியாபாரியின் கத்தல் தெருவுக்கே கேட்டது. தன் சாமர்த்தியத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஓய்வாக உட்கார அவருக்கு ஆசை. மகள் பதினோரு மணி டீயை வைத்துவிட்டுப் போனாள்.

புரோகிராமர் ஒரு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தான்.

“பிடிச்சிட்டேன் சார். டீ வைக்கும்போது உங்க பொண்ணு திரையைப் பார்த்து, ‘இன்னுமா இதை வச்சிருக்கீங்க’ன்னு கேட்டா வித்துடறீங்க. லாபம். அவங்க ஊர்ல இல்லாத நாலு நாளும் நஷ்டம்.”

டீயோடு வந்து நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார் வியாபாரி.

“விதியை என்கிட்ட கேட்டிருக்கலாமே” என்றாள் மகள்.

அவளும் அவனும் சேர்ந்து எழுத உட்கார்ந்தார்கள். புரோகிராம் முடிவதற்குள் கல்யாணம் முடிந்து, வெளியூரில் குடித்தனமும் வைத்தாயிற்று.

வியாபாரி இப்போது தினமும் பதினோரு மணிக்கு மகளுக்குப் போன் போட்டு, டீ குடித்தாயா என்று விசாரிக்கிறார். போகிற போக்கில் கையிலிருக்கும் பங்குகளின் பெயரையும் சொல்லிவைக்கிறார். பாசமாம்.