வலது காலை வையுங்கள்

2018 டிசம்பர் 20, வியாழக்கிழமை, காலை ஏழு மணி. த்ரியாவ்னாவில் வெலிகா அம்மாளின் வீட்டோடு சேர்ந்த சீஸ் பட்டறை வாசலில், அந்த ஊருக்கென்று இருந்த ஒரே சுகாதார ஆய்வாளரான ஸ்தானிமிர் நின்றுகொண்டிருந்தார்.

"வலது காலை வையுங்க ஐயா, வலது கால்!"

"நான் விருந்துக்கு வரல அம்மா. உங்க மேல புகார் வந்திருக்கு."

"வரட்டும். மொதல்ல உள்ள வாங்க."

"தெருச் செருப்போட உள்ள நடமாடுறீங்களாம். வாசல் மிதியடியில குளோரின் தண்ணியே ஊத்துறதில்லையாம். உண்மைன்னு தெரிஞ்சா இன்னைக்கே சீல் வெச்சிருவேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு கட்டி சீஸ் விக்க முடியாது."

"வெச்சா வைங்க. உள்ள வந்து வைங்க!"

சீல் என்றதும் அழுதவர்களை ஸ்தானிமிர் பார்த்திருக்கிறார். அவசரப்படுத்தியவரை இன்றுதான் பார்க்கிறார். அவருடைய சந்தேகம் வலுத்தது.

அப்போது பக்கத்து வீட்டுக் கீனா, கையில் கிண்ணத்துடன் தெருவைக் கடந்து வந்தாள்.

"வெலிகா அக்கா, கொஞ்சம் உப்பு இருந்தா..."

"அங்கேயே நில்லுடி! வாசப்படியில கால் பட்டுது, தொலைச்சிருவேன்!" வெலிகா துடைப்பத்தை உயர்த்தினாள்.

"எதுக்கு அவங்களை விரட்டுறீங்க? எதையாவது பார்த்துடுவாங்கன்னா?" என்றார் ஸ்தானிமிர்.

கீனாவே பதில் சொன்னாள்: "இன்னைக்கு இக்னாத் திருநாளாச்சே, ஐயா! வீட்டுக்குள்ள மொதல்ல எந்த வெளியாளோட காலடி படுதோ, அவங்க ராசிதானே வருஷம் பூரா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் மொதல்ல வந்துட்டேன். அந்த வருஷம் இவ பீப்பாய்ல பாதி புளிச்சுப் போச்சு. நானா போய்ப் புளிக்க வெச்சேன்?"

"உன் கால் வெச்சுது!" என்றாள் வெலிகா.

புகார் கொடுத்தவர் யார் என்று ஸ்தானிமிருக்கு விளங்கிவிட்டது. கீனாவை ஒரு முறை முறைத்துவிட்டு, வாசலில் கழுவி வைத்திருந்த பூட்ஸை அணிந்து, மிதியடியில் கால் நனைத்து உள்ளே நுழைந்தார். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. பழக்கத்தால் வலது காலே முன்னே சென்றது.

வெலிகா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அவர் சாக்கடை வாயைத் திறந்து முகர்ந்தார். பால் கொப்பரையின் அடியைத் தடவினார். அங்கேயே தங்கி வேலை செய்யும் இரு பெண்களின் நகங்களையும் பார்த்தார். குறையென்று ஒரு தலைமுடிகூட அகப்படவில்லை.

"புகார் முழுப் பொய்! உங்க பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்று கிளம்பினார்.

"ஐயையோ, கிளம்பாதீங்க! மொதல்ல வந்தவர் கொஞ்ச நேரமாவது உட்காரணும். அப்பதான் கோழி அடை காக்கும். இந்தாங்க, பூசணிக்காய்ச் சுருள்."

"பணியில இருக்கேன். சாப்பிட மாட்டேன்."

"சாப்பிட வேணாம். உட்கார்ந்தா போதும். போன வருஷமும் இதே நாள், வழக்கமான சோதனைக்குன்னு நீங்கதான் மொதல்ல வந்தீங்க. அந்த ராசி, ஒரு பீப்பாய் கெடல. குழந்தையே இல்லாம இருந்த என் மருமக பேரனைப் பெத்துக் கொடுத்தா."

ஸ்தானிமிருக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அடியில் இருந்த எண் கண்ணில் பட்டது: நாற்பத்தாறு. அவருடைய அளவு. கடைகளில் அவர் தேடித் தேடி வாங்கும் அளவு.

"இங்கே மூணு பேருமே பொம்பளைங்க. இது யாரோட பூட்ஸ்?"

"உங்களுக்குன்னு வாங்கினதுதான், ஐயா. போன வருஷம் எங்க பூட்ஸ்ல உங்க கால் நுழையலியே."

"நான் இன்னைக்கு வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெலிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"புகார் வந்தா மறுநாள் விடிஞ்சதும் வந்து நிப்பேன்னு நீங்கதானே அன்னைக்கு மிரட்டினீங்க? அதான், நேத்து சாயங்காலம் நானே குரலை மாத்தி போன் பண்ணிட்டேன்."

பட்டறைக்குச் சீல் தேவையில்லை என்றும், பொய்ப் புகார் கொடுத்தவரைக் கடுமையாக எச்சரிப்பது என்றும், அடுத்த வழக்கமான சோதனையை 2019 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று.