லெப்டினன்ட் போர்த்திய பொன்னாடை

"சார், கொஞ்சம் உள்ள தள்ளி இருங்க. போட்டோவுல நீங்க பாதிதான் விழுதிய" என்றான் புகைப்படக்காரன்.

கோலப்பன் நாற்காலியோடு நகர்ந்தார். முப்பத்தொரு வருட வேலையில் இந்தக் கல்லூரி மேடையில் அவர் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறார். நாற்காலி போட, மைக்கைத் தட்டிப் பார்க்க, குத்துவிளக்குக்குத் திரி திரிக்க. உட்கார்ந்தது இன்றுதான். உட்கார்ந்த பிறகுதான் சட்டையின் மூன்றாவது பொத்தான் வயிற்றோடு மல்லுக்கு நிற்பது தெரிந்தது.

பக்கத்து நாற்காலியில் லெப்டினன்ட் பெமிலா, மடிப்புக் கலையாத சீருடையில் இருந்தாள். நாலு வருடத்துக்கு முன் இங்கே பி.எஸ்ஸி. முடித்துப் போன, புதுக்கடை ஊர்ப் பெண். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சியை முடித்து, தோளில் இரண்டு நட்சத்திரங்களோடு வந்திருக்கிறாள்.

பாராட்டு விழாவுக்கு வர அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாளாம். ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் கோலப்பன் சாரும் மேடையில் இருக்க வேண்டும். பிரின்ஸிபால் கூப்பிட்டுச் சொன்னபோது, "அது வேற கோலப்பனா இருக்கும் சார்" என்றுதான் அவர் பதில் சொன்னார்.

"நீங்க அந்தப் பிள்ளைக்கு என்னவாக்கும் செஞ்சிய?" என்று வீட்டில் மனைவி ராஜி கேட்டாள்.

"எத்தனையோ பிள்ளையளுக்குச் செஞ்சிருக்கேன். ஒவ்வொண்ணா ஓர்மை வச்சிருக்க முடியுமாட்டி?" என்றார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

உண்மையில் பெமிலாவின் முகமே அவருக்கு நினைவில் இல்லை. இன்று காலை முதல் ஆளாக ஆபீசைத் திறந்து, அந்த வருடத்து ஸ்காலர்ஷிப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தேடினார். பெமிலா என்ற பெயர் எங்கேயும் இல்லை. ஏற்றும்போது எவனோ விட்டிருப்பான் என்று நினைத்தார். ஏற்றியவன் தானே என்பது நினைவுக்கு வந்ததும் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

பெமிலா மைக் முன்னால் போய் நின்றாள். கூட்டம் அடங்கியது.

"எனக்கு எம்.எஸ்ஸி. படிக்கணும்னுதான் ஆசை. அப்பா இல்ல. அம்மா அண்டி ஆப்பீசுல முந்திரி உடைச்ச காசுலதான் டிகிரியே முடிச்சேன். மேல படிக்க வழியில்ல. மூணு மாசம் வீட்டுல அழுதுக்கிட்டு இருந்தேன்."

கோலப்பன் தலையை மேலும் கீழும் ஆட்டினார். எல்லாம் தெரிந்தவர் போல.

"அப்பதான் ராணுவ அதிகாரி பரீட்சையப் பத்திப் பேப்பர்ல பாத்தேன். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பயிற்சிக்கும் கட்டணம் கிடையாது. வேற என்ன வேணும்? எனக்கு ஓடவும் தெரியாது, இங்கிலீசும் வராது. முதல் இன்டர்வியூவுல ஒரே நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவையும் போனேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நான் இன்னைக்கு இந்த யூனிஃபார்ம்ல நிக்கதுக்குக் காரணம், அன்னைக்குக் கோலப்பன் சார் கையில இருந்த ஒரே ஒரு ஃபாரம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கோலப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையன்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'நாளைக்கு சார்'. எந்த ஃபாரம் கேட்டாலும் நாளைக்கு வரச் சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு பிள்ளையின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறார்.

கைதட்டல் ஓய்வதற்குள் நினைவும் திரும்பிவிட்டது. ஒரு மழைநாள். வாசலில் கண் கலங்கிய ஒரு பெண். அவர் எழுந்துபோய் ஒரு ஃபாரத்தை நீட்டி, "எழுது மக்கா, நீ ஜெயிப்ப" என்கிறார். ஆபீசில் யாருக்காகவும் எழுந்து நின்ற பழக்கம் தனக்கு இல்லையே என்று ஒரு சிறு சந்தேகம் வந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

பெமிலா பொன்னாடையைப் போர்த்திவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். பதிலுக்குச் சல்யூட் அடிப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல் கோலப்பனின் கை பாதி வழியில் நின்று, கடைசியில் வழுக்கையைத் தடவிக்கொண்டு இறங்கியது.

முன்வரிசையில் பெமிலாவின் அம்மா ராகேல் மட்டும் கைதட்டவில்லை. அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், மகளைப் பிரிந்திருக்கிற வருத்தம் என்று அவர் அவளுக்காக இரங்கினார்.

விழா முடிந்து வடையும் டீயும் கொடுத்தார்கள். கோலப்பன் பெமிலாவை மெல்ல ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். ராஜிக்குச் சொல்ல விவரம் வேண்டுமே.

"மக்கா... இல்ல, மேடம்..."

"பெமிலான்னே கூப்பிடுங்க சார்."

"எனக்கு வயசாச்சில்லா, ஓர்மை நிக்க மாட்டேங்குது. நான் உனக்குத் தந்தது எந்த ஃபாரமாக்கும்?"

பெமிலா சிரித்தாள். யாருக்கும் கேட்காதபடி அவர் பக்கம் குனிந்தாள்.

"நீங்க தந்தது இல்ல சார். எம்.எஸ்ஸி. ஸ்காலர்ஷிப்புக்கு நான் எழுதித் தந்து, நீங்க அனுப்ப மறந்த ஃபாரம்."