பேக்கரி வேன்

“எங்க கடைத்தெருவுல நோ பார்க்கிங் போடச் சொல்லிப் புகார் கொடுத்தது யாரு? தெரிஞ்சாகணும்!” நகராட்சி அலுவலகத்தில் மேஜையைத் தட்டினார் கடைக்காரர் சங்கத் தலைவர்.

“பேரைச் சொல்லக் கூடாது. வேணும்னா படத்தைப் பாருங்க” என்று கோப்பை நீட்டினார் அதிகாரி அம்மா.

படத்தில் ஒரு பேக்கரி வேன், நடைபாதையில் ஏறும் சரிவை அடைத்துக்கொண்டு நின்றது. சக்கர நாற்காலியில் வந்த பெண் ஒருத்தி ஏற வழியில்லாமல், பஸ்ஸுக்கு முன்னால் தவித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரிடம் திரும்பினார். “பாத்தீங்களாண்ணே, எவனோ உங்க பொழப்புல மண்ணைப் போடப் பாக்குறான்!”

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். “அது என் கடை கேமராவுல பதிஞ்ச படம் தம்பி. நான்தான் கொடுத்தேன்.”

“உங்க மேல நீங்களே புகாரா? பேசாம வேனை எடுத்திருக்கலாமே!”

“அன்னிக்கே எடுத்துட்டேன். அடுத்த நிமிஷம் அதே இடத்துல ஒரு கார் வந்து நின்னுடுச்சு. தினமும் அங்கதான் நிக்குது.”

“எவன் அவன்?” சீறினார் தலைவர்.

“உங்க கார்தான் தம்பி.”

தலைவர் மேஜையிலிருந்து கையை எடுத்தார். அதிகாரியிடம் திரும்பினார்.

“அம்மா, நோ பார்க்கிங் போர்டு நட ஆள் இல்லேன்னா சொல்லுங்க. அண்ணனும் நானும் சேர்ந்து குழி தோண்டுறோம்.”