பயமுறுத்துகிற வேலை

நோயாளிகளைப் பயமுறுத்துவதுதான் ஆஸ்பத்திரியில் என் வேலை. மாற்றி வைத்த இதயத்துக்குப் பயம் தெரியாது. அதன் நரம்புகள் அறுபட்டவை. டாக்டர்கள் வளர்க்கும் புது நரம்பு ஒட்டிக்கொண்டால்தான் அது பயத்தில் துள்ளும்; ஒட்டிவிட்டதா என்று பார்க்கத்தான் நான்.

தூத்துக்குடி மீனவர் சூசையிடம் பதினோரு மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பலூன் உடைத்தேன், மடியில் ரப்பர் பாம்பைப் போட்டேன். ஆள் அலறுவார், திரையில் நாடித்துடிப்பு மட்டும் தொண்ணூற்றிலேயே நிற்கும்.

அவர் மனைவி புஷ்பம் கூடவே வருவார். சத்தம் போட்டால் புது இதயம் நின்றுவிடும் என்று, ஆபரேஷனுக்குப் பிறகு கணவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

இன்று சோதனை நடக்கும்போது, சூசையின் சட்டைப்பையில் காலை மாத்திரை அப்படியே இருப்பதைப் புஷ்பம் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"முழுங்காமலா வச்சிருக்கீய? ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நா எங்க போய் நிப்பேன்?"

அந்த நொடியே தொண்ணூறு, நூற்றுப் பதினெட்டாக எகிறியது. என்னால் முடியாததை அந்த அம்மாள் ஒரே மூச்சில் செய்துவிட்டார்! நான் கை தட்டினேன். புஷ்பம் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

சூசை மாத்திரையை விழுங்கினார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னொருக்கா திட்டு, புள்ள."