முப்பத்திரண்டு ரசிகர்கள்

"நாளைக்கு உங்க அண்ணனுக்குப் பரிசம் போடணும். நான் மூணு நாளா காட்டுல நாயா அலையறேன். நீ என்னடான்னா இந்த வெயில்ல தோல் சட்டையும் கிடாருமா நிக்கிற!" என்று கத்தினார் மொலோகி மாமா.

கோசெகோ வண்டி பேட்டரியில் ஒலிபெருக்கியை மாட்டினாள். "கச்சேரி இருக்கு மாமா."

"இந்தக் கலஹாரிப் பொட்டல்ல உன் ராக் இரைச்சலைக் கேட்க எவன் வருவான்?"

"முப்பத்திரண்டு பேர். ரெண்டு வருஷமா தினம் கேக்கறாங்க. ஒருத்தர்கூட உங்களை மாதிரி காதைப் பொத்தினதில்லை."

அவள் கிடார் கம்பிகளை ஓங்கி ஒரு மீட்டு மீட்டினாள். மாமாவின் தொப்பியே அதிர்ந்தது.

"நிறுத்துடி!"

அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் பாட்டில் முள்மரங்களுக்கு அப்பால் புழுதி கிளம்பியது.

"யாருடி அது?"

"என் ரசிகர்கள்!"

மூன்று நாளுக்கு முன் யானைகள் வேலியை உடைத்தபோது காணாமல்போன மாடுகள், பெண் வீட்டுக்குப் பரிசமாகப் போகவேண்டிய மாடுகள், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. தினமும் அவள் இதே பாட்டை வாசித்துவிட்டுத்தான் அவற்றுக்கு உப்பு வைப்பாள்.

மாமா விரல்விட்டு எண்ணினார். "முப்பது... முப்பத்தொண்ணு..."

சட்டென்று திரும்பி அலறினார்.

"சம்பந்தி கேட்ட கறுப்புப் பசு இன்னும் வரலை. சத்தத்தைக் கூட்டுடி!"