வாசல் ஆணியில் மழைக்கோட்டு

காஷ்மீரில் பனிச்சறுக்கு விளையாடப் போன அன்று மழை, பேய்க்காற்று. ராம்பிரசாத் வேண்டாமென்றான். "இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப தயங்கினா எப்படி?" என்று விரட்டியவள் மனைவி பார்கவிதான். சொன்ன பேச்சைத் தட்டாதவன், புனேயில் ஸ்கூட்டருக்குப் போடும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ரோப்காரில் மேலே போனான். போனவன் திரும்பவில்லை; உடல்கூடக் கிடைக்கவில்லை.

இந்த மே மாத வெயிலில், புனேயின் கராடியில், கடைசி மாடி ஃபிளாட்டின் வாசல் ஆணியில் அதே மழைக்கோட்டு தினமும் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. ஈரத்தோடு உள்ளே வரக்கூடாது என்பது பார்கவி அவனுக்கு முன்பே போட்ட சட்டம். "இத்னா பானி கஹா(ன்) சே, தீதி?", இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது என்று சலித்தபடி வேலைக்காரி துடைக்கிறாள்.

இன்று பார்கவி கதவை அகலத் திறந்தாள். "பரவாயில்ல, ஈரத்தோடயே வாங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப தயங்கினா எப்படி?"

வாய் மூடுமுன் ஆணி காலியாக இருந்தது. ஈரச் சொட்டுகள் லிஃப்ட் வரை போயிருந்தன. அதற்கு மேல் மாடியே இல்லை. லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது.