ஏறிய எண்

"ஸ்கேன் படத்துல நெஞ்சு சுத்தமா இருக்கு. ரத்தம்தான் வேற கதை சொல்லுது," என்றார் டாக்டர்.

தையல்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

ஊரில் யாருக்கு மார்பு எத்தனை அங்குலம் என்று விரல் நுனியில் வைத்திருந்த மனிதர் அவர். போன வருஷம் அவருடைய நெஞ்செலும்புக்குப் பின்னாலேயே ஒரு கட்டி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அபூர்வமான வகை. ரத்தத்தில் அது கசியவிட்ட இரண்டு சரக்குகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. மருந்து ஏற்றி, மிச்சத்தை அறுத்தெடுத்த பிறகு இரண்டும் அடங்கிவிட்டன. அன்றிலிருந்து மாதாமாதம் ரத்தம் கொடுப்பார். அந்த இரண்டின் எண் தெரியும்வரை சோறு இறங்காது. இந்த மாதம் வழக்கமான பரிசோதனைக் கூடம் பூட்டியிருந்ததால், தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த கூடத்தில் கொடுத்திருந்தார்.

இரண்டில் ஒன்று அடக்கமாகத்தான் இருக்கிறதாம். மற்றது ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாம்.

"மறுபடியும் மருந்தா டாக்டர்? இப்பதான் முடி சீப்புக்கு அகப்படுது," என்றார் தையல்காரர். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை சொல்கிற மனைவி, இன்று வாயே திறக்காமல் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. இன்னொரு முறை இவளை ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கவைக்க அவருக்கு மனசில்லை.

டாக்டருக்கு ஏதோ உறுத்தியது. இவ்வளவு ஏறினால் படத்தில் எங்கேயாவது தலைகாட்ட வேண்டுமே என்று முணுமுணுத்தபடி, கூடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

கூடத்துக்காரர் படு உற்சாகமாகப் பேசினார். "ரிசல்ட் கரெக்ட்தான் டாக்டர். சீட்டுலதான் சின்னத் தப்பு இருந்தது. நானே சரிபண்ணிட்டேன்."

"என்ன சரிபண்ணினீங்க?"

"அந்த டெஸ்ட்டைப் போய் ஆம்பளைக்கு எழுதுவாங்களா? ஆள் மாறிடுச்சுன்னு புரிஞ்சுபோச்சு. கூட வந்த அம்மாவும் ரத்தம் கொடுத்திருந்தாங்க. அந்த ஒண்ணை மட்டும் அவங்க ரத்தத்துல பார்த்து, அவர் பேர்ல இருந்த அதே சீட்டுலயே போட்டு அனுப்பிட்டேன்."

தையல்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ எப்ப ரத்தம் கொடுத்தே?"

"நீங்க கொடுத்துட்டு வெளிய போனப்ப. கொஞ்ச நாளா தலைசுத்தல், சத்துக் குறைவான்னு பார்க்கலாம்னுதான். உங்ககிட்ட சொன்னா கடையை மூடிட்டு என் தலைமாட்டுல உக்காந்துடுவீங்க."

டாக்டர் கூடத்துக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டு, தையல்காரருடைய ரத்தத்தையே உடனே பார்த்துச் சொல்லும்படி உத்தரவு போட்டார். அந்தக் காத்திருப்பில் தையல்காரர் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டார். கடைசியில் போன் அடித்தது. அவருடைய ரத்தத்தில் அந்தச் சரக்கு துளிகூட இல்லை. கட்டி திரும்பவில்லை.

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவருக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. "அப்ப இவளுக்குக் கட்டியா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "போன வருஷம் மருந்து ஏத்தினப்ப, இனிமே குழந்தைக்கு வாய்ப்புக் கம்மின்னு சொன்னேன்ல? கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் இந்த எண் ஏறும். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."